காரணம் தெரியாதவர்களின் கோடு

நான் ஓய்வு பெற்றதும் நாட்டில் பெண்கள் காரணமில்லாமல் சாகத் தொடங்கிவிட்டார்கள். சும்மா சொல்லவில்லை. எங்கள் பழைய அலுவலகத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறது. அதில் ஒரு சிவப்புக் கோடு. நான் வேலையில் இருந்தவரை நல்ல பிள்ளையாகப் படுத்துக் கிடந்த அந்தக் கோடு, நான் கேக் வெட்டிவிட்டுப் படியிறங்கிய வருடத்திலிருந்து ஏணி போட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் லட்சத்துக்கு எத்தனை பேர், வருடாவருடம், 'காரணம் தெரியவில்லை' என்ற பெயரில் போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் அந்தக் கோடு. ஒரு பெண்பிள்ளை வேலையை விட்டால் தேசமே இப்படித் தள்ளாடுமா என்று நானே கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில்தான்.

எங்களுடையது இறப்புப் புள்ளிவிவர அலுவலகம். யார் செத்தாலும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் சான்றிதழின் நகல் எங்களுக்கு வரும். மாரடைப்பு, புற்றுநோய், லாரி என்று ஏதாவது எழுதியிருந்தால் தொல்லையில்லை. சில மகானுபாவர்கள் 'இதயம் நின்றுவிட்டது' என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். செத்தவருக்கு இதயம் ஓடிக்கொண்டா இருக்கும்? அந்த மாதிரிச் சான்றிதழ்கள் எல்லாம் விசாரணை மேசைக்கு வரும். விசாரணை மேசை என்றால் நான். நான் என்றால் நானும் உம்மணாவும்.

எங்கள் வேலை, செத்தவரின் வீட்டுக்குப் போன் போடுவது. காய்ச்சல் இருந்ததா, மூச்சு வாங்கியதா, எடை குறைந்ததா, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பது. பதில்களை வைத்து எங்கள் டாக்டர் ஒரு காரணம் எழுதுவார். வீட்டில் யாரும் போனை எடுக்காவிட்டாலோ, எடுத்தவருக்கு ஒன்றும் தெரியாவிட்டாலோதான் 'காரணம் தெரியவில்லை'.

பேசுவது நான். என் குரலுக்குச் சுவர்க்கடிகாரம் இரண்டு தடவை கழன்று விழுந்திருக்கிறது. அலுவலகத்தில் எனக்கு ஒலிபெருக்கி என்றே பெயர். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது அவள். வாயைத் திறந்தால் 'ம்' என்ற ஒரே எழுத்துதான் வரும் என்பதால் உம்மணாமூஞ்சி என்று யாரோ வைத்து, அது தேய்ந்து உம்மணா ஆயிற்று. பெயர்தான் அப்படி. சிரித்தால் வாய் திறக்காது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோளைக் குலுக்குவதற்காகவே நான் நாள் முழுக்கக் கோமாளித்தனம் பண்ணியிருக்கிறேன்.

ஒரு வழக்கம் இருந்தது எங்களுக்குள். நான் போனில் கேட்ட பதிலைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன், அவள் எழுதுவாள். நான் சும்மா இருப்பேனா? "லேசா இருமினார்" என்று அந்தப் பக்கம் சொன்னால் "ஊரே கேக்க இருமியிருக்கார்" என்பேன். உடனே உம்மணாவின் பேனா காகிதத்தை விட்டு மேலே எழும்பும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பேனா அப்படியே அந்தரத்தில் நிற்கும். "சரி சரி, லேசாத்தான்" என்று நான் இறங்கி வந்தால்தான் அதுவும் இறங்கும்.

கணவனைப் பறிகொடுத்த பெண்களிடம் பேசினால் எங்களுக்குக் கொண்டாட்டம். அவர் என்றைக்குத் தும்மினார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எத்தனை கவளத்தோடு தட்டைத் தள்ளினார் என்று அருவி மாதிரிக் கொட்டுவார்கள். மனைவியைப் பறிகொடுத்த ஆண்களிடம் பேசினால் கல்லில் நார் உரிக்கிற கதை. ஒருவர் நிஜமாகவே சொன்னார்: "அவளுக்கு என்ன உடம்புன்னு அவகிட்டதாங்க கேக்கணும். மாத்திரையெல்லாம் எங்க வெச்சிருக்கான்னுகூட எனக்குத் தெரியாது."

"சரி சார், அவங்ககிட்டயே கேட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டேன். உம்மணாவின் தோள் அன்று சாயங்காலம் வரை நிற்கவில்லை.

ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும், "ஏதாவது ஞாபகம் வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று மேசை எண்ணைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வேன். எதிரே உம்மணாவின் உதடுகளும் கூடவே அசையும். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். தன் செல்போன் எண்ணையே என்னிடம் கேட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்வாள்.

நான் ஓய்வு பெற்ற மாதமே செலவுக் குறைப்பு என்று மேசையை மூடினார்கள். உம்மணா வேறு பிரிவுக்குப் போக மாட்டேன் என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஊரின் அந்தக் கோடியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. எனக்குக் கணவர் போய்ப் பல காலம் ஆயிற்று. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீடியோவில் கூப்பிடுவான், பாதி நேரம் அவன் வீட்டு மின்விசிறிதான் என்னோடு பேசும். மூன்று அறையுள்ள வீட்டில் நான் ஒருத்தி. குளிர்சாதனப் பெட்டி உறுமினால் "என்ன சொன்னே?" என்று கேட்கும் அளவுக்கு முன்னேறிவிட்டேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் இருவருக்குமானது. நான் செல்போனில் கூப்பிடுவேன். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த அண்டப்புளுகை எல்லாம் அவிழ்த்துவிடுவேன். அவள் 'ம்' போடுவாள். நம்பாத 'ம்', சிரிக்கிற 'ம்', போதும் நிறுத்து என்கிற 'ம்', அடுப்பில் ஏதோ இருக்கிறது என்கிற 'ம்'. பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு துறை இருந்தால் நான்தான் தலைவி.

போன வருடம் ஒரு ஞாயிறு மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஓர் ஆள் ஏணியில் நின்று சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ரெண்டு நாளா பால் பாக்கெட் வெளியவே கெடந்துச்சும்மா. கதவ ஒடச்சுப் பாத்தா நாற்காலில உக்காந்த மேனிக்கே இருக்காங்க. செல்போன் பூட்டியிருந்துச்சு, எங்களுக்குத் தொறக்கத் தெரியல. வாடகைக்கு வந்தப்ப அவசரத்துக்குன்னு ஒரு நம்பர் குடுத்திருந்தாங்க. சொந்தக்காரங்கதான்னு சொன்னாங்க. அடிச்சு அடிச்சுப் பாத்தோம். ஒருத்தரும் எடுக்கல. எத்தன நாள் வெச்சிருக்க முடியும், சொல்லுங்க?"

"யார் அந்தச் சொந்தக்காரன்? நம்பரைக் குடுங்க."

"டாக்டர்கிட்டயே சீட்டோட குடுத்துட்டேனேம்மா."

அவளுக்குத் தூரத்தில் ஓர் அண்ணன் இருப்பதாகக் கேள்வி. அவனாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவனைத் திட்டாத நாளில்லை. போன் எடுக்காத அவன் கை அழுக, அவன் காதில் வண்டு கூடு கட்ட என்று பல் தேய்க்கும்போது ஆரம்பித்து விளக்கை அணைக்கும் வரை. தனியாக இருப்பவளுக்குத் திட்ட ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய துணை தெரியுமா!

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விளையாட்டு வரவில்லை. அவளுடைய சான்றிதழில் டாக்டர் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 'இதயம் நின்றுவிட்டது.' விசாரிக்க மேசை கிடையாது. போன் எடுக்க ஆள் கிடையாது. ஆயிரக்கணக்கான பெண்களைக் 'காரணம் தெரியவில்லை' என்ற கட்டத்திலிருந்து பேனாவால் கை பிடித்து வெளியே இழுத்தவள் இப்போது அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை வெளியே எடுக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் கோட்டம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. நான் போன பிறகு வந்த புள்ளிவிவர அதிகாரி அவர். நாற்பத்தெட்டு வயது. கையில் எப்போதும் அளவுகோல், கோடு கோடாகப் போட்டுத் தள்ளுவார் என்பதால் கோட்டம்மா. சிவப்புக் கோடு ஏறுவதைப் பார்த்துப் பத்திரிகைகள் மர்மச்சாவு, தண்ணீரில் விஷம் என்று எழுத ஆரம்பித்திருந்தன. போன வருடத்துக் 'காரணம் தெரியவில்லை' பெண்களில் ஒரு பகுதியையாவது பழைய முறையில் விசாரித்துப் பார்க்க அவர் அனுமதி வாங்கியிருந்தார். முறை தெரிந்த ஆள் வேண்டும். வர முடியுமா?

முடியுமாவா! பேருந்து வருவதற்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூலையில் என் மேசை அப்படியே இருந்தது, மேலே யாருடையதோ ஹெல்மெட்டோடு. எதிர் நாற்காலியில் காகிதக் கட்டுகள். ஹெல்மெட்டுக்கு அடியில் இருந்த கறுப்பு டெலிபோனைத் தூக்கிக் காதில் வைத்தேன். உயிரோடு இருந்தது! இணைப்பைத் துண்டிக்க ஒருவரும் மனு போடவில்லையாம். கட்டுகளைத் தரையில் இறக்கி எதிர் நாற்காலியைத் துடைத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களாம்மா கோட்டை?" என்று ஆரம்பித்தேன். "மேசை வர்றதுக்கு முன்னாடி மேல இருந்துச்சு. நான் வந்தேன், இறங்குச்சு. நான் போனேன், ஏறுச்சு. விஷமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான்தான் காரணம்னு பேப்பர்ல போடச் சொல்லுங்க, போட்டோ வேணும்னாலும் தரேன்."

கோட்டம்மா சிரித்தார். பிறகு அளவுகோலால் கீழே இன்னொரு கோட்டைத் தொட்டார். நீலம். "இது அதே வயசு ஆம்பளைங்க, மேடம். அவங்களுக்கும் நீங்கதானே போன் பண்ணீங்க?"

"ஆமா."

"மேசையை மூடினதுல இதுவும் கொஞ்சம் ஏறியிருக்கு, பாருங்க. அப்புறம் நின்னுடுச்சு. பொம்பளைங்க கோடு மட்டும் ஏறிட்டே போகுது. உங்க கணக்குல பாதி சரி. மீதிப் பாதி என்னன்னு எனக்கு இன்னும் தெரியல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மாத்திரை எங்கே இருக்கிறதென்று தெரியாத அந்தக் கணவர் நினைவுக்கு வந்தார். ஆனால் கோட்டம்மாவிடம் நான் வேறொன்றைக் கேட்டேன்.

"இந்தச் சான்றிதழ்க் கட்டுல, என்கூட இந்த மேசையில வேலை பாத்த ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கணும். அவளை மட்டும் நான் விசாரிக்கறேனே."

"தெரிஞ்சவங்க கேஸைத் தொடக்கூடாதுன்னு விதி இருக்கே மேடம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின விதி."

எழுதியது உம்மணா. எனக்கு விதியெல்லாம் எழுத வராது.

"சரி, நீங்களே பண்ணுங்க. ஆனா அந்த அண்ணன்காரன் போனை எடுத்தா ஒரு நிமிஷம் என்கிட்ட குடுங்க. விசாரணை எல்லாம் இல்ல, நாலு வார்த்தை பேசணும்."

கோட்டம்மா தன் கண்ணாடி அறைக்குப் போனார். நான் டெலிபோனைச் சுழற்றினேன். முதல் எண், உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எடுத்தது ஒரு கடைக்காரர்: "ஆமாங்க, எங்க கடையில சாமான் வாங்குவாங்க. செத்துட்டாங்களா? அதான் வரலியா!" மூன்றாவது ஒரு மகன். "மாசாமாசம் பணம் அனுப்பிட்டுதாங்க இருந்தேன்" என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். கேட்ட கேள்விகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்காவது, ஐந்தாவது எல்லாம் மணி மட்டும் அடித்தது. யார் வீட்டிலோ, திரை மூடிய அறையில், எடுக்க ஆளில்லாத மணி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது என்னவோபோல் இருந்தது. பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்: "யாரும் எடுக்கல." எதிர் நாற்காலிக்குத்தான்.

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. "மேடம்! உங்க ஃப்ரெண்டோட நம்பர் பிஸியா இருக்கு! மூணு தடவை அடிச்சேன். யாரோ பேசிட்டிருக்காங்க!"

"பேசறானா! தங்கச்சி செத்தா எடுக்க மாட்டான், ஊர்க்கதை பேச மட்டும் போன் வேணுமோ அவனுக்கு! விடாதீங்கம்மா, அடிச்சிட்டே இருங்க!"

அவர் உள்ளே ஓடினார். நான் என் அழைப்பைப் பாதியில் வெட்டி ரிசீவரைத் தாங்கியில் வைத்தேன், அவனுக்குச் சொல்ல வேண்டிய நாலு வார்த்தையை வரிசைப்படுத்திக்கொள்ள. கையை எடுக்கவில்லை. கையின் கீழேயே மணி அடித்தது.

பழக்கதோஷம். எடுத்தேன். "ஹலோ, விசாரணை மேசை."

"வணக்கம். இறப்புப் புள்ளிவிவர அலுவலகத்துலேர்ந்து பேசறேன். போன வருஷம் உங்க வீட்டுல இறந்துபோன..."

ஒரு காதில் டெலிபோன் வழியாக, மறு காதில் கண்ணாடி வழியாக, அதே குரல். தலையைத் திருப்பினேன். கோட்டம்மாவும் தலையைத் தூக்கினார். இருவர் கையிலும் போன். நடுவில் ஒரு கண்ணாடி.

சொந்தக்காரர் எண் என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். இவளும் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டால் நான் எடுப்பேன் என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவளை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் அடித்து அடித்துப் பார்த்த அத்தனை நாளும் இந்த மணி இங்கே, இந்த ஹெல்மெட்டின் கீழே, அடித்திருக்கிறது. வருடம் முழுக்க நான் திட்டித் தீர்த்த அந்தச் சொந்தக்காரன் இந்த மேசைதான்.

"மேடம்," என்றது போன், "வெச்சிடவா?"

"வைக்காதீங்க. இத்தன நாள் கழிச்சு இப்பதான் எடுத்திருக்காங்க. கேள்வியைக் கேளுங்க."

கோட்டம்மா காகிதத்தைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்கிற குரலிலேயே கேட்டார். அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"எதிர் நாற்காலி."

பேனா எழுதும் அசைவு தெரிந்தது.

"கடைசியா எப்ப பேசினீங்க?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

"காய்ச்சல், இருமல் ஏதாவது?"

"இருமல் இல்ல. இருந்தா கேட்டிருக்கும்."

"எடை குறைஞ்சாங்களா?"

"போன்ல எடை தெரியாதும்மா."

"நெஞ்சு வலிக்குதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வரிசையையே நான் அறிவேன். இதற்கு ஓர் 'ஆமாம்', அடுத்ததற்கு 'வேர்த்துக் கொட்டுச்சுன்னு சொன்னா' என்று ஒரு வார்த்தை. போதும். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிவிடுவார். உம்மணா கட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுவாள். லேசான இருமலை ஊர் கேட்கும் இருமலாக்கிய எனக்கு இது என்ன பெரிய வேலை? வாயைத் திறந்தேன்.

எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் பேனா மேலே எழும்பிவிட்டது. எனக்குத் தெரிந்தது. அந்தரத்தில், அசையாமல்.

"இல்ல," என்றேன். "சொல்லல."

"வேற ஏதாவது, மேடம்? உங்களுக்குத் தெரிஞ்ச எதுவானாலும்."

"கடைசி ஞாயிறு, தண்ணி குடிச்சிட்டு வரேன்னு போனை வெச்சிட்டுப் போனா. திரும்பி வர நேரமாச்சு. வந்தப்புறம் 'ம்' கொஞ்சம் சின்னதா இருந்துச்சு." அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. அத்தனை வகை 'ம்' தெரிந்தவளுக்கு அந்த ஒன்று என்ன வகை என்று தெரியவில்லை. "அவ்வளவுதாம்மா. தெரியாது. எனக்குத் தெரியாது."

கோட்டம்மா எழுதி முடிக்கும் வரை இருவரும் போனை வைக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காரணம் தெரியவில்லை, அதேதான். கோட்டம்மா சுவர் வரைபடத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு சிவப்புக் கோட்டின் நுனியிலிருந்து பென்சிலால் இரண்டு கிளை பிரித்தார். "போன் பண்ணிப் பார்த்த வரைக்கும் இப்படிப் பிரிக்கலாம், மேடம். இது, போனை எடுத்தும் காரணம் தெரியாதவங்க. இது, போனை எடுக்கவே ஆள் இல்லாதவங்க. இதுதான் மேல நிக்குது. நம்ம கட்டு ரொம்பச் சின்னது, இத வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. இன்னும் நிறையப் பேருக்குப் பண்ணணும்."

"என் ஆள் எதுல?"

கீழ்க்கிளையைத் தொட்டுக் காட்டினார். "எடுத்தாங்கன்னு போட்டிருக்கேன்."

வெளியே இழுக்க வந்தேன், பக்கத்து அறைக்குத்தான் மாற்ற முடிந்தது. அந்த அறையில் ஆட்கள் குறைவு. இரைச்சல் பிடிக்காதவள், இருந்துகொள்வாள்.

அடுத்த ஞாயிறு காலை செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். மூன்று அறையிலும் நடந்து முடித்துவிட்டேன். வாரம் முழுக்க ஒரு புளுகு வேறு சேர்ந்திருந்தது, பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்ட கதை, கேட்டால் நம்ப மாட்டீர்கள். விரல் தானாகவே மேசை எண்ணை அழுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? பூட்டிய அலுவலகத்தில் மணி அடிக்கட்டும், அடிக்கிறதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைக்கலாம் என்றுதான்.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப்போன நேரத்தில் எடுத்தார்கள்.

"ஹலோ, விசாரணை மேசை."

"ஏம்மா, ஞாயித்துக்கிழமையுமா?"

கோட்டம்மா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "வீட்டுல சும்மாதானே மேடம் இருக்கேன். இங்கயாவது கோடு இருக்கு." பிறகு, "சொல்லுங்க மேடம், என்ன விஷயம்?"

நாய்க் கதை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். உட்கார்ந்துகொண்டேன்.

"என் விஷயம் இருக்கட்டும். நீங்க சொல்லுங்க," என்றேன். "சாப்பிட்டீங்களா? படி ஏறினா மூச்சு வாங்குதா?"

அவர் சொல்ல ஆரம்பித்தார், மெதுவாக, முட்டி வலியிலிருந்து.

நான் 'ம்' என்றேன்.